தில்லை மரத்தைத் தேடி ஒரு பகல்

சென்ற மார்கழியில் என் பேரனை அழைத்துக்கொண்டு சிதம்பரம் சென்றிருந்தேன். சிற்சபையில் ஆனந்தக் கூத்தனைக் கண்குளிரத் தரிசித்தபின் மூலநாதர் சந்நிதிக்கு வந்தோம். புலிக்கால் முனிவராகிய வியாக்கிரபாதரும் பதஞ்சலி முனிவரும் வழிபட்ட லிங்கத் திருமேனி இது என்று அவனுக்கு எடுத்துரைத்தேன். "அந்நாளில் இவ்விடம் முழுவதும் தில்லை மரங்கள் அடர்ந்த வனம். ஆகவேதான் ஊருக்குத் தில்லை என்று பெயர். இக்கோயிலின் தல விருட்சமும் அதுவே" என்றேன்.

பத்து வயதுப் பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்தான். "எந்த மரம், தாத்தா? காட்டுங்களேன்" என்றான்.

நாற்பது ஆண்டுகளாக ஆண்டுதோறும் இச்சந்நிதிக்கு வருபவன் நான். ஆயினும் அம்மரத்தை ஒருநாளும் கண்டவனல்லன். "இப்போது ஊருக்குள் இல்லையப்பா, கடலோரத்தில் இருக்கிறதாம்" என்று சமாளித்தேன். "அப்படியென்றால் பெயர் மட்டும்தான் மிச்சமா?" என்று கேட்டான் அவன். சிறுவனின் வாயிலிருந்து வந்த அக்கேள்வி வீடு திரும்பிய பின்னும் என்னை விடவில்லை. மாசி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அவனையும் உடன் அழைத்துக்கொண்டு மீண்டும் புறப்பட்டேன்.

பூவராகர் வரும் வழி

சிதம்பரத்திற்குக் கிழக்கே, வடக்கில் வெள்ளாறும் தெற்கில் கொள்ளிடமும் கடலோடு கலக்கின்றன. இவ்விரு முகத்துவாரங்களுக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தில் உப்பங்கழிகள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. அக்கழிகளுக்கு நடுவே அமைந்ததே பிச்சாவரம் காடு. நாங்கள் முதலில் காட்டுக்குச் செல்லவில்லை. விடியுமுன் பேருந்தில் கிள்ளைக்குச் சென்று, அங்கிருந்து கழியோரமாக நடப்பதென்று முடிவு செய்திருந்தோம்.

கிள்ளைக்கும் மாசி மாதத்திற்கும் உள்ள உறவு பழையது. தானாகத் தோன்றிய எட்டுத் தலங்களுள் ஒன்றாக வைணவர் போற்றும் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து, பூவராகப் பெருமாள் மாசிமகத் தீர்த்தவாரிக்கு இவ்வூருக்குத்தான் எழுந்தருள்கிறார். வழியில் கிள்ளை தர்காவில் இசுலாமியப் பெருமக்கள் அவரை மாலை மரியாதைகளோடு எதிர்கொள்கின்றனர். பெருமாள் தரப்பிலிருந்தும் அங்கே மரியாதை செய்யப்படுகிறது. தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் இவ்வழக்கத்தைப் பற்றி இவ்வூரார் பெருமிதம் கொள்வதுகூட இல்லை; தை பிறந்தால் பொங்கல் வருவதுபோல, மாசி வந்தால் பெருமாள் வருவார் என்று இயல்பாகச் சொல்கின்றனர்.

தீர்த்தவாரி நடைபெறும் இடத்தின் பெயர் முழுக்குத்துறை. பெயரிலேயே முழுக்கும் துறையும் அமைந்திருக்கின்றன. நாங்கள் அங்குச் சேர்ந்தபோது கீழ்வானம் செம்மை பூண்டிருந்தது. திருவிழாவுக்குச் சில நாட்களே இருந்தன. கரையைத் துப்புரவு செய்து, பந்தலுக்கு மூங்கில் கொண்டுவந்து அடுக்கியிருந்தனர். காலடியில் நீர் சலனமற்றுக் கிடந்தது. தொலைவில் மணல்மேட்டுக்கு அப்பால் கடலின் ஓசை மட்டும் கேட்டது.

பெயரனுக்கு வராக அவதாரக் கதையைச் சொன்னேன். நீருக்குள் அமிழ்ந்த பூமியைப் பெருமான் தம் கோரைப்பற்களில் தாங்கி மேலே கொணர்ந்த கதை அது. ஸ்ரீமுஷ்ணத்தில் கோரைக்கிழங்கிலிருந்து செய்யும் பிரசாதம் தருவார்கள். அக்கோரை நீரோரத்துச் சேற்றில் விளைவது. சேற்றிலிருந்து நிலம் எழுவதை நினைவூட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான பிரசாதம் இருக்க முடியுமா என்று எனக்குத் தோன்றியது. அன்று பகல் முழுவதும் நாங்கள் கண்டதும் அந்தக் கதையே என்பது அப்போது தெரிந்திருக்கவில்லை.

கழியோரம்

முழுக்குத்துறையிலிருந்து தெற்கு நோக்கி நடந்தோம். ஒருபுறம் கழி, மறுபுறம் உமரிச்செடி படர்ந்த உவர்நிலம். முடசல் ஓடைப் பக்கம் விசைப்படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. கரையில் கூடைகளும் பனிக்கட்டியும் ஏலக்குரல்களுமாக ஒரே பரபரப்பு. அதைக் கடந்ததும் மீண்டும் அமைதி. கொக்குகள் ஒற்றைக்காலில் நின்றன. நீர்க்காகம் ஒன்று முளைக்கொம்பின் மீது சிறகு விரித்து வெயில் காய்ந்தது.

ஓரிடத்தில் இடுப்பளவு நீரில் பெண்கள் நால்வர் தவழ்வதுபோல் நகர்ந்துகொண்டிருந்தனர். இருளர் குடியைச் சேர்ந்தவர்கள். வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. சேற்றைக் கைகளால் தடவித் தடவி இறாலைப் பிடித்து, ஓலையால் முடைந்த பறியில் போட்டுக்கொண்டிருந்தனர். இரு கைகளும் தேடும் வேலையில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்திருந்தனர்.

கரையேறி வந்த மூதாட்டி ஒருவர் எங்களைப் பார்த்து, "படகுக்குப் போறீங்களா ஐயா? இப்பத்தான் தண்ணி ஏறுது. மெதுவா போங்க, இன்னும் நேரம் இருக்கு" என்றார். நேரத்தை அவர் கடிகாரத்தில் பார்க்கவில்லை. முழங்காலில் ஏறியிருந்த ஈரத்தின் அளவைப் பார்த்துச் சொன்னார். நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை வற்றும் ஓதமே இவர்களுடைய பஞ்சாங்கம்.

அவ்விடத்தில் ஒரு சிறு வாய்க்காலைக் கடக்க வேண்டியிருந்தது. இரண்டடி வைப்பதற்குள் கால் முழங்கால் வரை சேற்றில் புதைந்தது. பிடித்துக்கொள்ளலாம் என்று கையூன்றிய வேரும் வழுக்கிற்று. பேரன்தான் என்னை இழுத்துக் கரை சேர்த்தான். மூச்சு வாங்கியபடி சிரித்துக்கொண்டேன். வியாக்கிரபாதர் புலியின் கால்களையும் நகங்களையும் இருளிலும் காணும் கண்ணையும் இறைவனிடம் வேண்டிப் பெற்றார் என்று எத்தனையோ முறை படித்திருக்கிறேன். வண்டு தீண்டுமுன் மலர் பறிக்க விடியுமுன் மரமேற வேண்டும். பனியில் மரம் வழுக்கும் என்பது காரணம். அதை ஓர் அற்புதக் கதையாகவே கொண்டிருந்தேன். இக்காட்டில் ஒருமுறை வழுக்கி விழுந்தவன் அந்த வரத்தை வேறுவிதமாகப் புரிந்துகொள்வான். இந்த நிலத்தில் நாள்தோறும் நடந்து பூப்பறித்த ஒருவர் கேட்கக்கூடிய வரம் அதுவன்றி வேறென்ன?

நீர்மேல் நிற்கும் காடு

பிச்சாவரம் படகுத்துறையை அடைந்தபோது முற்பகல். துடுப்புப் படகு ஒன்றில் ஏறினோம். படகோட்டி நாற்பது வயது மதிக்கத்தக்கவர். 1975-இல் வெளிவந்த 'இதயக்கனி' திரைப்படம் இங்கே எடுக்கப்பட்டதை எல்லாரிடமும் சொல்வதுபோல் எங்களிடமும் சொன்னார். பின்னர், பையனின் கேள்விகளுக்கு விடை சொல்வதிலேயே அவருடைய கவனம் முழுவதும் சென்றது.

அகன்ற கழியிலிருந்து ஒடுங்கிய வாய்க்காலுக்குள் படகு நுழைந்ததும் வெயில் மறைந்தது. இருமருங்கிலும் சுரபுன்னை மரங்கள். அவற்றின் தண்டிலிருந்து வில்லாக வளைந்து நீருக்குள் ஊன்றிய தாங்குவேர்கள், பந்தற்கால்களைப்போல் மரத்தைத் தாங்கி நிற்கின்றன. அவற்றுக்கு அப்பால் கண்டல் மரங்கள். சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல் ஆயிரக்கணக்கில் மேல்நோக்கி நிற்பவை அவற்றின் மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாமையால், நீர் வற்றும் வேளையில் மூச்சுவிட வேரே வெளியில் வந்து நிற்கிறது.

கண்டல் இலையொன்றைப் படகோட்டி பறித்துத் தந்து, "நாக்குல வச்சுப் பாரு தம்பி" என்றார். பேரன் நக்கிப் பார்த்து, "உப்பு!" என்று கூவினான். வேர் வழியே வந்த உப்பை அம்மரம் இலை வழியே வெளியேற்றிவிடுகிறது. சுரபுன்னையின் வழி வேறு. அது உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகிறது. அதன் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய்போல் நீண்டு தொங்குகிறது. தனித்து நிற்கும் வலிமை வந்த பிறகே தாய் அதைச் சேற்றில் விடுகிறாள். நிலைத்து நிற்க இடமில்லாத ஊரில் பிள்ளையை வளர்க்கும் முறை அது.

இக்காடு எப்போதும் இப்படிச் செழித்திருக்கவில்லை. ஆங்கிலேயர் காலம் தொடங்கிப் பல ஆண்டுகள் பகுதி பகுதியாக மரங்களை முற்றிலும் வெட்டினார்கள். நிழலிழந்த சேறு வெயிலில் வறண்டு அமிழ்ந்து பள்ளமாயிற்று. ஓதநீர் அப்பள்ளங்களில் தேங்கி ஆவியாக, மண்ணில் உப்பு மிகுந்தது. பிறகு அங்கே விதை விழுந்தாலும் முளைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டினர். ஓதநீர் உள்ளே சென்று வெளியே வரத் தொடங்கியதும் உப்பு கழுவப்பட்டது. வாய்க்கால் சரிவில் நட்ட நாற்றுகள் வேர்பிடித்தன. கோயில் குளம் வற்றினால் நம் பெரியோர் முதலில் வரத்துக்கால் அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதே அறிவுதான் இங்கும் காட்டை மீட்டது. 2022-இல் ஏறத்தாழ 1,479 ஹெக்டேர் பரப்புள்ள இவ்வீரநிலம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது.

மணல்மேட்டில்

வாய்க்கால்கள் முடிந்து படகு மணல்மேட்டை அடைந்தது. இறங்கி ஏறினால் மறுபக்கம் வங்கக் கடல். இங்கே மரநிழல் இல்லை. சில பாழடைந்த சுவர்கள் மட்டும் மணலில் பாதி புதைந்து கிடந்தன.

"இது எங்க ஊரு இருந்த இடம் ஐயா" என்றார் படகோட்டி.

2004 டிசம்பர் 26. மார்கழிப் பௌர்ணமி. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத் திருவிழாக் காலம். அன்று காலை எழுந்த ஆழிப்பேரலை, கடலுக்கும் கழிக்கும் நடுவே இம்மணல்மேட்டில் குடியிருந்த மீனவர் ஊர்களின்மேல் நேராக வந்து விழுந்தது. இவருடைய தாயாரும் தங்கையும் அன்று போனவர்கள். இவர் அலையால் கழிக்குள் தூக்கியெறியப்பட்டு, சுரபுன்னை வேர்களைப் பற்றிக்கொண்டு பிழைத்தவர். "ரெண்டு கையும் கிழிஞ்சுபோச்சு. ஆனா வேர் விடலை ஐயா. நான் அதைப் புடிச்சேனா, அது என்னைப் புடிச்சுதான்னு இன்னிக்கும் தெரியல" என்றார்.

காட்டுக்குப் பின்புறம் இருந்த ஊர்கள் அன்று பெரும்பாலும் தப்பின. கடலிலிருந்து அவை தொலைவில் இருந்தது ஒரு காரணம். சற்று மேட்டில் இருந்தது மற்றொன்று. ஆயினும், அலையின் வேகத்தை வேர்களும் மரங்களும் உடைத்ததை நேரில் கண்டவர்கள் இன்றும் சொல்கின்றனர். பேரலைக்குப்பின் இப்பகுதியில் ஆய்வு செய்த அறிஞர்களும் காட்டின் காவலை எடுத்துக்காட்டினர். மணல்மேட்டு மக்கள் பின்னர் உள்நாட்டில் குடியமர்த்தப்பட்டனர். ஆண்டுதோறும் அந்த நாளில் கடலுக்குப் பால் ஊற்றி, மலர் தூவிச் செல்கின்றனர்.

பேரன் நெடுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, கையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தின் உறையைக் கீழே போடாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அவனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஓரத்தில் நின்ற மரம்

திரும்பும் வழியில்தான் வந்த காரியம் நினைவுக்கு வந்தது. "தில்லை மரம் எது மாமா? இவ்வளவு நேரம் காட்டவே இல்லையே" என்று பேரன் கேட்டான்.

படகோட்டி சிரித்தார். "அது காட்டுக்கு நடுவுல நிக்காது தம்பி. ஓரத்துலதான் நிக்கும். கரை ஏறினதும் காட்டுறேன்" என்றார்.

சொன்னபடியே கரையேறியபின் வரப்பு வழியாகச் சிறிது தூரம் அழைத்துச் சென்றார். உவர்நிலம் முடிந்து மேட்டுநிலம் தொடங்கும் எல்லையில், வரிசையாகச் சில மரங்கள். ஓங்கி உயர்ந்தவை அல்ல. பருத்த அடிமரமும் இல்லை. தரைமேல் நெளிந்து படர்ந்த வேர்கள், பளபளக்கும் பச்சை இலைகள். இடையிடையே உதிரும் பருவத்து இலைகள் மட்டும் குங்குமம் இட்டதுபோல் சிவந்திருந்தன. காட்டில் வேறெங்கும் காணாத சிவப்பு அது.

கைநீட்டிய பேரனை அவர் சட்டென்று தடுத்தார். "தொடாத கண்ணு! கிளைய ஒடிச்சா பால் வரும். அது கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. அதனாலதான் ஆடுமாடுகூட இதுல வாய வைக்காது."

அப்போதுதான் ஒன்று புலப்பட்டது. சங்க இலக்கியமாகிய ஐங்குறுநூற்றின் நெய்தல் பகுதியில், கடற்கரை ஊரொன்று தில்லையை வேலியாக உடையதென்று குறிக்கப்படுகிறது. படித்தபோது அது ஒரு வருணனையாகத் தோன்றியது. இங்கே நின்று பார்க்கையில் அது உண்மைநிலை. கடலுக்கும் ஊருக்கும் நடுவே, எவரும் ஒடிக்க அஞ்சும் பாலைத் தன்னுள் கொண்டு, காவலாக நிற்கிறது இம்மரம். முன்னால் சுரபுன்னையும் கண்டலும் அலையைத் தாங்க, பின்னால் இது எல்லையைக் காக்கிறது.

உலகமே ஒரு கூத்தாக இயங்க, அதன் நடுவில் ஆடும் பெருமான் தம் தலத்துக்குப் பெயர்தரும் மரமாகக் கனிமரத்தையோ மணமலர் மரத்தையோ கொள்ளவில்லை. பழம் உண்ணவும் உதவாத, தொடவும் அஞ்சத்தக்க இந்த ஓரத்து மரத்தைக் கொண்டார். நஞ்சைக் கண்டத்தில் அடக்கியவர்க்கு நஞ்சுடைய மரம் அயலாகுமா?

பேரன் கைகூப்பினான். நானும் கூப்பினேன். நாற்பது ஆண்டுகளாகக் கும்பிட்ட பெயருக்கு அன்றுதான் உருவம் கண்டேன். "பெயர் மட்டும் இல்லை, தாத்தா. மரமும் இருக்கிறது" என்றான் அவன்.

"இருக்கும்வரை இருக்கும் தம்பி" என்றார் படகோட்டி. "ஆத்துத் தண்ணி வந்தாத்தான் இந்தக் காடு. மேலேயிருந்து நல்ல தண்ணி வராத வருஷம் உப்பு ஏறிப்போகுது. முகத்துவாரம் மணல் அடைச்சாலும் அப்படித்தான். போதாததுக்கு வர்றவங்க போடுற பிளாஸ்டிக் பையெல்லாம் வேர்ல சுத்திக்குது. வேருக்கு மூச்சு முட்டாதா?" அவர் குரலில் சினம் இல்லை. தன்னை ஒருமுறை பற்றிக் காத்த வேரைப் பற்றிப் பேசினார், அவ்வளவே.

எல்லைக் காளி

மாலையில் சிதம்பரம் திரும்பி, ஊரின் வடபுறத்து எல்லையில் உள்ள தில்லைக் காளியம்மன் கோயிலுக்குச் சென்றோம். 13-ஆம் நூற்றாண்டில் கோப்பெருஞ்சிங்கன் எடுப்பித்தது என்பர். ஆடற்போட்டியில் பெருமான் ஊர்த்துவ தாண்டவம் ஆடக் காளி தோற்று, ஊரெல்லைக்கு வந்து அமர்ந்தாள் என்பது தலவரலாறு. நடராசரைத் தரிசித்தவர் இவளையும் தரிசித்தால்தான் யாத்திரை நிறைவுறும் என்பது பெரியோர் வழக்கு.

இதுவரை அதைத் தோல்வியின் கதையாகவே எண்ணியிருந்தேன். அன்று அவ்வாறு தோன்றவில்லை. எல்லைக்கு அனுப்பப்பட்டவள் அல்லள், எல்லையை ஏற்றுக்கொண்டவள். நடுவில் ஆனந்தத் தாண்டவம் இடையறாது நிகழ வேண்டுமானால், ஓரத்தில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். உக்கிர வடிவில் குங்குமக் காப்பில் சிவந்து நின்றவளைக் கண்டதும், உதிரும் முன் சிவந்த தில்லை இலைகள் என் கண்முன் வந்தன.

அர்ச்சகர் தந்த குங்குமத்தைப் பேரன் நெற்றியில் இட்டேன். வெளியே வந்ததும், சட்டைப்பையிலிருந்த உறையை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டான். காலையில் நான் தொடங்கிய யாத்திரையை அவன் முறையாக நிறைவு செய்தான்.

தில்லையம்பலத்தானைத் தரிசிக்கச் செல்லும் அன்பர்கள், இயன்றால் ஒரு பகலை அவன் வனத்துக்கும் ஒதுக்குங்கள். கையில் கொண்டு செல்வதைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். தல விருட்சத்தை வலம்வருவது நம் மரபு. இம்மரத்தை வலம்வரச் சேறு விடாது. அதைக் காப்பதே அதற்கு நாம் செய்யும் வலம்.

எப்படிச் செல்வது?

சிதம்பரத்திலிருந்து கிழக்கே சுமார் 15 கி.மீ. தொலைவில் பிச்சாவரம். கிள்ளை வழியாகப் பேருந்துகள் உள்ளன. படகுத்துறை பகலில் மட்டும் இயங்கும். காலையில் செல்வது நலம். மழைக்காலம் முடிந்து தை, மாசி மாதங்கள் ஏற்றவை. குடை, குடிநீர், சேற்றில் நடக்க ஏற்ற காலணி தேவை. தில்லை மரத்தைத் தொடவோ கிளை ஒடிக்கவோ வேண்டா. குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.